போப்பும் கோர்ட்டும்: திருச்சபைத் தீர்ப்பாய நடைமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிப் பகுதிக்கான கோர்ட்டுக்கு, ஒரு திருமண வழக்கு போகிறது. எழுத்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறார். திருமணத்துக்காக வாதாட, யாரும் கூப்பிடாமலே ஒருவர் வந்து நிற்கிறார். "மேல்முறையீடு செய்ய விருப்பமா?" என்று கேட்கிறார்கள். இவற்றில் எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. ஏதோ ஒரு திருத்தந்தை (போப்), ஏதோ ஒரு வழக்கில் சூடுபட்ட பிறகு போட்ட விதி ஒவ்வொன்றும். பங்கு மக்கள் கேட்கும் கேள்விகளையும் வரலாறு படிப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் கலந்தே இங்கே வைத்திருக்கிறேன்.

கோயிலுக்குள் கோர்ட்டா? அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. மறைமாவட்டத்தில் ஆயர்தான் முதல் நீதிபதி. அவரே உட்கார்ந்து விசாரிப்பது அபூர்வம்; திருச்சபைச் சட்டம் படித்த ஒரு குருவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பார். கறுப்பு அங்கியும் மரச் சுத்தியலும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, கோப்பு அலமாரி, சுவரில் ஒரு சிலுவை, அவ்வளவே. வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை ஒரே வகை: "எங்கள் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று அறிவியுங்கள்." இது விவாகரத்து இல்லை. விவாகரத்து இருந்த பந்தத்தை முறிக்கும். இங்கே கேட்கப்படுவது, பந்தம் உண்டானதா இல்லையா என்பது.

போப்புக்கு இதில் என்ன வேலை?

மூன்று வேலை. விதி எழுதுபவர் அவர். கடைசி நீதிபதியும் அவர். அதோடு, எந்தக் கத்தோலிக்கரும் வழக்கின் எந்தக் கட்டத்திலும் நேரே ரோமிடம் முறையிடலாம் என்ற உரிமை இன்றைய சட்டத்திலும் (விதி 1417) இருக்கிறது. வரலாற்றில் இந்த மூன்றாவதுதான் முதலில் வந்தது. அரண்மனை வாசலில் மணி அடித்தால் ராஜா வருவார் என்ற நம்பிக்கையில் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களைச் சமாளிக்க விதி எழுதினார்கள்.

ஆரம்ப காலத்தில் எப்படி விசாரித்தார்கள்?

ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 318இல் ஆயர்களின் தீர்ப்புக்குச் சட்ட வலு கொடுத்தார். அதன்பின் நிலத் தகராறு, கடன் தகராறு எல்லாம் ஆயர் வாசலுக்கு வந்தன. தம் காலை நேரமெல்லாம் இதிலேயே போகிறது என்று புனித அகுஸ்தீன் அலுத்துக்கொண்டார். நடைமுறை ரோமச் சட்டத்தை ஒட்டியது: மனு, அழைப்பாணை, சாட்சி, தீர்ப்பு.

பேரரசு சரிந்த பிறகு வடக்கே வேறு வழக்கம் புகுந்தது. சாட்சி இல்லையா? கொதிக்கிற நீரில் கையை விடு. புண் சீழ் பிடிக்காமல் ஆறினால் நீ சொன்னது உண்மை. லொத்தரிங்கியா அரசன் இரண்டாம் லோத்தர் தன் மனைவி தியத்பெர்காவைத் தள்ளிவிட்டு வால்திராதாவை மணக்க விரும்பினான். அவளுக்கு அவளுடைய சொந்தச் சகோதரனோடு தகாத உறவு என்று பழி போட்டான். 858இல் அரசிக்காக ஓர் ஆள் கொதிநீர்ச் சோதனையில் இறங்கி, காயமின்றித் தேறினான். அரசன் விடவில்லை. தன் ஆயர்களைக் கூட்டித் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கினான். திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் 863இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததோடு, அதற்குத் துணைபோன கொலோன், திரியர் பேராயர்கள் இருவரையும் பதவியிறக்கினார். உள்ளூர் அரசன் கைக்குள் இருக்கும் உள்ளூர் நீதிபதியை யார் தட்டிக் கேட்பது என்பதற்கு ரோம் கொடுத்த முதல் பெரிய பதில்களில் இது ஒன்று.

பிணத்தைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். 897இல் திருத்தந்தை ஆறாம் ஸ்தேவான், தமக்கு முன்பிருந்த ஃபொர்மோசுஸின் உடலைக் கல்லறையிலிருந்து எடுத்து, உடை உடுத்தி, அரியணையில் சாய்த்து விசாரித்தார். பிணத்துக்குப் பதிலாகப் பேச ஒரு தியாக்கோனை (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே ஒன்பதாம் யோவான், செத்தவரை விசாரிக்கக் கூடாது என்று தடை போட்டார். இப்படியொரு தடை தேவைப்பட்டது என்பதே பெரிய கூத்து.

கொதிநீர்ச் சோதனையை நிறுத்தியது யார்?

திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட். 1215இல் அவர் கூட்டிய நான்காம் லாத்தரான் சங்கத்தின் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) 18ஆம் விதி, கொதிநீர், பழுக்கக் காய்ச்சிய இரும்பு முதலான சோதனைகளை எந்தக் குருவும் மந்திரிக்கக் கூடாது என்றது. சோதனையையே ஒழிக்கிறேன் என்று அது சொல்லவில்லை. குருவை மட்டும் விலக்கியது. ஆனால் குரு மந்திரிக்காத வெந்நீர் வெறும் வெந்நீர்தானே! இங்கிலாந்தில் 1219க்குள் அரச நீதிபதிகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஜூரி முறை அங்கே வேர்விட்டதற்கு இது ஒரு காரணம்.

வழக்குகள் ஏன் ரோமுக்குப் போகத் தொடங்கின?

ஒரு காட்சியைச் சொன்னால் புரியும். 1193 ஆகஸ்ட் 14 அன்று பிரான்ஸ் அரசன் இரண்டாம் பிலிப், டென்மார்க் இளவரசி இங்கெபோர்கை மணந்தான். மறுநாளே வேண்டாம் என்றான். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்குள் கொம்பியேனில் அவன் உறவினர்களும் ஆயர்களும் கூடினார்கள். வம்சாவளி ஒன்றைக் காட்டி, அவனுடைய இறந்துபோன முதல் மனைவிக்கு இவள் உறவுமுறை, ஆகவே திருமணம் செல்லாது என்று தீர்த்தார்கள். இங்கெபோர்குக்குப் பிரெஞ்சு தெரியாது. தீர்ப்பை யாரோ மொழிபெயர்த்துச் சொன்னபோது, தனக்குத் தெரிந்த நாலு லத்தீன் சொற்களில் கத்தினாள்: "கெட்ட பிரான்ஸ்! கெட்ட பிரான்ஸ்! ரோம்! ரோம்!"

அந்தக் கத்தல்தான் அவளுடைய மேல்முறையீடு. டென்மார்க் தரப்பு, காட்டிய வம்சாவளி பொய் என்பதற்கு ஆதாரம் கொண்டுபோனது. 1195இல் திருத்தந்தை மூன்றாம் செலஸ்டின் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். பிலிப் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த ஆண்டே வேறொருத்தியை மணந்தான். 1200இல் மூன்றாம் இன்னொசென்ட் அவன் நாட்டில் வழிபாடுகளையே நிறுத்திவைத்தார். இவ்வளவுக்குப் பிறகும் இங்கெபோர்க் அரசியாக மீண்டும் ஏற்கப்பட்டது 1213இல்தான். இருபது ஆண்டு! அதில் பெரும்பகுதியைக் கோட்டைகளில் காவலில் கழித்தாள். ரோம் நீதி கொடுத்தது என்று பெருமைப்படுவோர் இந்த இருபதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசர்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கூட்டம் குறைவில்லை. 1140 வாக்கில் பொலோஞ்ஞாவில் கிராத்தியன், ஒன்றோடொன்று மோதிய பழைய விதிகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். அதன்பின் சட்டம் படித்தவர்கள் பெருகினார்கள். படித்தவர்கள் பெருகினால் வழக்கும் பெருகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. திருத்தந்தையின் அரண்மனையில் நாள்தோறும் ஒலிப்பது ஆண்டவரின் சட்டமல்ல, ரோமப் பேரரசன் ஜஸ்டினியனின் சட்டம் என்று புனித பெர்நார்து, தம் பழைய சீடரான திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கே எழுதினார்.

அத்தனை வழக்கையும் ஒரே ஆள் எப்படிப் பார்த்தார்?

பார்க்கவில்லை. மூன்றாம் அலெக்சாந்தர் (1159–1181) காலத்தில் பெரிதாக வளர்ந்த வழி இது: முறையீடு வந்ததும், வழக்கு நடந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆயர்கள், மடத்துத் தலைவர்கள் சிலருக்கு ஒரு கடிதம் போகும். "இவர் இப்படிச் சொல்கிறார், விசாரியுங்கள், சொன்னது உண்மையானால் இப்படித் தீருங்கள்." சாட்சிகள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட வேண்டாம், அதிகாரம் மட்டும் தாண்டி வரும். இப்படிப் போன கடிதங்களைச் சேர்த்துவைத்ததில்தான் சட்டமே உருவானது. ஒன்பதாம் கிரகோரி 1234இல் வெளியிட்ட தொகுப்பில் ஐந்து நூல்கள். இரண்டாவது நூல் முழுக்க விசாரணை நடைமுறை. அது 1918 வரை நடைமுறையில் இருந்தது.

ரோமிலேயே தங்கிய வழக்குகளைக் கேட்கத் திருத்தந்தையின் சிற்றாலயக் குருக்கள் அமர்ந்தார்கள். அந்தக் குழுதான் ரோட்டா. ரோட்டா என்றால் சக்கரம். அவர்கள் வட்டமாக உட்கார்ந்ததால் வந்த பெயர் என்பார்கள். 1331இல், திருத்தந்தையர் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோனில், இருபத்திரண்டாம் யோவான் அதற்குத் தனி ஒழுங்குமுறை கொடுத்தார். ரோட்டா நீதிபதியின் பதவிப் பெயருக்கு இன்றும் "கேட்பவர்" என்றே பொருள். திருத்தந்தைக்காகக் கேட்டுச் சொல்கிறவர்.

விசாரணையில் சொல்வதையெல்லாம் ஏன் எழுதுகிறார்கள்? ரகசியம் என்கிறார்கள், பிறகு எதற்கு எழுத்து?

என்னைக் கேட்டால், திருத்தந்தையர் போட்ட நடைமுறை விதிகளிலேயே சிறந்தது இதுதான். லாத்தரான் சங்கத்தின் 38ஆம் விதி. அது தொடங்கும் விதமே வித்தியாசம்: அநியாயமான நீதிபதி பொய் சொன்னால், குற்றமற்றவன் அதை எப்படி மறுத்து நிரூபிப்பான்? "அவன் வரவில்லை" என்று நீதிபதி சொல்கிறார். "வந்தேன்" என்கிறான் இவன். யாரை நம்புவது?

ஆகவே நீதிபதி பக்கத்தில் எப்போதும் ஒரு பொது எழுத்தர், கிடைக்காவிட்டால் தகுதியான இரண்டு பேர் உட்கார வேண்டும். அழைப்பாணை, வாய்தா, ஆட்சேபம், கேள்வி, பதில், ஒப்புதல், சாட்சியம், ஆவணம், மேல்முறையீடு எல்லாவற்றையும் இடம், நேரம், ஆள் பெயரோடு எழுத வேண்டும். நகல் இரு தரப்புக்கும். மூலம் நீதிபதியிடம் இல்லை, எழுதியவரிடமே. பின்னால் நீதிபதி எப்படி நடந்தார் என்று தகராறு வந்தால் மூலம் பேசும். நீதிபதியை நம்பாமல், அதை வெளிப்படையாகச் சொல்லியே போட்ட விதி இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில்!

இன்றும் எழுத்தர் கையொப்பம் இல்லாத விசாரணைத் தாள் செல்லாது. சாட்சி சொன்னதை உடனே வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, கையெழுத்து வாங்குவார்கள். "சாமி, நான் அப்படிச் சொல்லலையே" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே திருத்தம் ஏறும்.

அதே திருத்தந்தையர்தானே இன்குவிசிஷன் என்ற மத விசாரணையையும் கொண்டுவந்தார்கள்?

ஆமாம், மழுப்ப வேண்டியதில்லை. பழைய முறையில் குற்றம் சாட்ட ஓர் ஆள் முன்வர வேண்டும். நிரூபிக்காவிட்டால் தண்டனை அவருக்குத் திரும்பும். ஒழுக்கம் கெட்ட ஆயர் மேல் புகார் கொடுக்க யார் துணிவார்? அதனால் மூன்றாம் இன்னொசென்ட், ஊரே பேசுகிற அளவுக்குப் பழி பரவியிருந்தால் மேலதிகாரி தாமாகவே விசாரணை தொடங்கலாம் என்றார் (லாத்தரான் 8ஆம் விதி). விசாரிக்கப்படுபவருக்குக் குற்றச்சாட்டையும் சாட்சிகளின் பெயரையும் வாக்குமூலத்தையும் காட்ட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நோக்கம், பெரிய இடத்துக் குருக்களைப் பிடிப்பது.

அந்த ஆயுதம் பிறகு, திருச்சபைக் கொள்கையை மறுத்த முரண்கொள்கையினர் பக்கம் திரும்பியபோது காப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சாட்சிகளின் பெயர் மறைக்கப்பட்டது. 1252இல் நான்காம் இன்னொசென்ட் சித்திரவதைக்கு அனுமதி கொடுத்தார். விதி எழுதியவரின் எண்ணம் நல்லதாக இருந்தது என்பது, அந்த அறையில் கட்டிவைக்கப்பட்டவருக்கு எந்த ஆறுதலும் இல்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது என்ற புகார் புதிதா?

ஐந்தாம் கிளமென்ட் இதே புகாருக்குத்தான் பதில் எழுதினார். 1317இல் வெளியான அவருடைய சட்டத் தொகுப்பில் ஒரு சிறிய ஆணை இருக்கிறது. திருத்தந்தையர் சில வழக்குகளை அனுப்பும்போது "எளிமையாக, நேராக, கோர்ட்டுக்குரிய ஆரவாரமும் சடங்கும் இல்லாமல் விசாரிக்க" என்று எழுதுவது வழக்கம். அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் முழித்தார்கள். கிளமென்ட் விளக்கினார்: முறைப்படியான மனு வடிவம் கட்டாயமில்லை. விடுமுறை நாளிலும் விசாரிக்கலாம். தேவையில்லாத சாட்சிக் கூட்டத்தை வெட்டலாம். இழுத்தடிக்கும் ஆட்சேபங்களைத் தள்ளலாம். தீர்ப்பை நின்றுகொண்டும் சொல்லலாம், உட்கார்ந்துகொண்டும் சொல்லலாம். ஆனால் அழைப்பாணையையும், தேவையான சாட்சியத்தையும், நியாயமான எதிர்வாதத்தையும் வெட்ட முடியாது.

அவருடைய இன்னோர் ஆணை இதற்கு அடிக்கல். பேரரசன் ஏழாம் ஹென்றி, நேப்பிள்ஸ் அரசன் ராபர்ட்டுக்கு 1313இல் ஆள் முன்னால் இல்லாமலே மரண தண்டனை விதித்தான். கிளமென்ட் அதைச் செல்லாது என்றார். தற்காப்பு இயற்கைச் சட்டம் கொடுத்தது. பேரரசனும் அதைப் பறிக்க முடியாது. இதற்குப் பின்னால் அரசியல் கணக்கு இருந்தது, அதை மறைக்க முடியாது. என்றாலும் சட்டக் கருத்து நின்றுவிட்டது.

இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி வழக்கில் நடைமுறை எங்கே சிக்கியது?

1503இல் இரண்டாம் ஜூலியுஸ் கொடுத்த விதிவிலக்கின் பேரில்தான் ஹென்றி தன் அண்ணன் விதவை கேத்தரினை மணந்திருந்தான். அந்தத் திருமணம் செல்லாது என்று இப்போது ரோம் சொல்ல வேண்டும் என்றான். 1529இல் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸில் திருத்தந்தையின் தூதர்களாகக் கர்தினால்கள் கம்பெஜ்ஜியோவும் வுல்சியும் அமர்ந்தார்கள். நீதிபதிகள் அரசன் பக்கம் என்று கேத்தரின் அங்கேயே ரோமுக்கு முறையிட்டாள். கணவன் முன் மண்டியிட்டுப் பேசிவிட்டு வெளியே நடந்தாள். திரும்பக் கூப்பிட்டும் வரவில்லை. ஜூலை 23 அன்று தீர்ப்பு வரும் என்று எல்லோரும் காத்திருக்க, கம்பெஜ்ஜியோ எழுந்து, ரோம் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை, அக்டோபரில் பார்க்கலாம் என்றார். ஏழாம் கிளமென்ட் வழக்கை ரோமுக்கே இழுத்துக்கொண்டார். திருமணம் செல்லும் என்ற தீர்ப்பு வந்தது 1534 மார்ச் 23. அதற்கு முந்திய ஆண்டே ரோமுக்கு மேல்முறையீடு கூடாது என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. ஹென்றி வேறு மணமும் முடித்துவிட்டான்.

திருமணத்துக்காக வாதாடும் ஒருவர் இருப்பாராமே, அவரை அமர்த்துவது யார்?

அவரை நீங்கள் அமர்த்துவதில்லை. அவர் இல்லாமல் வழக்கே இல்லை. திருமணப் பிணைப்பின் பாதுகாவலர் என்று பெயர். இருவருமே "செல்லாது" என்று சொன்னாலும், செல்லும் என்பதற்கு என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்வது அவர் கடமை. மனைவிக்கு எதிரியும் இல்லை, கணவனுக்கு நண்பரும் இல்லை.

இதைக் கொண்டுவந்தவர் பதினான்காம் பெனடிக்ட், 1741 நவம்பர் 3 அன்று. அவரை ஏற்கெனவே வேறொரு நாற்காலியில் பார்த்தால் காரணம் விளங்கும். ப்ரோஸ்பெரோ லம்பெர்த்தினி என்ற பெயரில், திருத்தந்தை ஆவதற்கு முன், ஆண்டுக்கணக்காகப் புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்வாதம் செய்தவர் அவர். மக்கள் சைத்தானின் வக்கீல் என்று கிண்டல் செய்யும் அதே பதவி. எல்லோரும் ஒரே பக்கம் பேசினால் உண்மை தப்பிவிடும் என்று தொழில்முறையில் அறிந்தவர். போலந்து முதலான இடங்களிலிருந்து வந்த செய்தியும் அதுதான்: ஒரு தரப்பு மட்டும் வருகிறது, மறுதரப்பு வராமலே இருக்கிறது அல்லது உள்ளுக்குள் பேசிவைத்துக்கொள்கிறது, நீதிபதி அவசரமாகத் தீர்க்கிறார், மேல்முறையீடு செய்ய யாருமில்லை. மணந்தவரே மூன்றாவது, நான்காவது முறை மணக்கிறார்.

அவர் போட்ட பூட்டு இரண்டு. பாதுகாவலர் இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது. "செல்லாது" என்று தீர்ப்பு வந்தால் பாதுகாவலர் மேல்முறையீடு செய்தே ஆக வேண்டும்; இரண்டாவது நீதிமன்றமும் அதையே சொன்னால்தான் மறுமணம். இந்த இரட்டைத் தீர்ப்பு முறை 270 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஊழலை அடைத்தது. கூடவே நேர்மையான ஆட்களையும் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிறுத்தியது.

1917, 1983 சட்டத் தொகுப்புகள் என்ன மாற்றின?

முதலாவது, சிதறிக்கிடந்ததை ஒரே நூலாக்கியது. இரண்டாவது, இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்டது. முதல் விசாரணை ஓராண்டுக்கும் மேல்முறையீடு ஆறு மாதத்துக்கும் மேல் போகக் கூடாது என்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் திரெந்து சங்கம் இரண்டு ஆண்டு என்று சொல்லியிருந்தது. கெடு வைப்பது பழைய பழக்கம், மீறுவதும்தான்.

நீதிபதிக்கு எவ்வளவு உறுதி வேண்டும்?

பன்னிரண்டாம் பயஸ் 1942 அக்டோபரில் ரோட்டா நீதிபதிகளிடம் பேசியபோது கோடு போட்டார். நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது. ஆனால் கணிதத்தில் போல எதிர்மறைக்கு வாய்ப்பே இல்லை என்ற அளவு உறுதியும் தேவையில்லை. "இருக்கலாம்" என்று தோன்றுவது மட்டும் போதாது. இன்றும் அதே அளவுகோல்.

திருத்தந்தை பிரான்சிஸ் என்ன செய்தார்? 45 நாளில் முடிந்துவிடும் என்கிறார்களே?

2015 டிசம்பர் 8 முதல் இரட்டைத் தீர்ப்புக் கட்டாயம் போயிற்று. முதல் தீர்ப்பை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் அதுவே போதும். பெனடிக்ட் போட்ட இரண்டு பூட்டில் ஒன்று கழன்றது. பாதுகாவலர் இருக்கிறார், மேல்முறையீட்டு உரிமையும் இருக்கிறது.

நீங்கள் கேட்பது குறுகிய விசாரணை. இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும், அல்லது ஒருவர் கேட்க மற்றவர் சம்மதிக்க வேண்டும். ஆதாரமும் முதல் பார்வையிலேயே தெளிவாக இருக்க வேண்டும். அப்போது விசாரணை அமர்வை 30 நாளுக்குள் வைத்து, எழுத்து வாதத்துக்கு 15 நாள் கொடுத்து, ஆயரே தீர்ப்புச் சொல்வார். 45 என்ற எண் இந்த இரண்டையும் கூட்டியதால் வந்தது; எல்லா வழக்குக்கும் பொருந்தாது. ஆயருக்கு உறுதி வராவிட்டால் வழக்கு சாதாரண பாதைக்குத் திரும்பும். ஐந்தாம் கிளமென்ட் இதைப் பார்த்தால் சிரித்துத் தலையாட்டுவார் என்று நினைக்கிறேன்.

கட்டணமும் இயன்றவரை கூடாது என்பது பிரான்சிஸின் விருப்பமாக இருந்தது; தீர்ப்பாயத்தில் வேலை செய்பவர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

தீர்ப்பாயம் "செல்லாது" என்று சொல்லிவிட்டால் அரசு ஏற்குமா?

இந்தியாவில் ஏற்காது. 1996இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கிறிஸ்தவர் திருமணத்தைச் சட்டப்படி ரத்து செய்யவோ கலைக்கவோ 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தால்தான் முடியும். திருச்சபைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் சட்டத்தின் பார்வையில் முதல் மணம் உயிரோடு இருக்கிறது. இரண்டு வாசலிலும் ஏற வேண்டும்.

கோர்ட்டுப் பக்கமே போகாத எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

உங்கள் கல்யாணத்துக்குப் பூசையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தார்களா? 1215இல் அதே லாத்தரான் சங்கம், 51ஆம் விதியில், திருமணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவித்து, தடை தெரிந்தவர்கள் சொல்ல நாள் கொடுக்க வேண்டும் என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாக்கியது. திரெந்து அதை மூன்று திருநாள் என்று வரையறுத்தது. திருமணம் முடிந்தபின் கோர்ட்டில் தோண்டுவதை முன்பே ஊரிடம் கேட்டுவிடும் ஏற்பாடு. அதே இன்னொசென்ட் தடை உறவின் எல்லையையும் ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தார். கொம்பியேனில் காட்டியது போன்ற வம்சாவளிகளுக்கு வேலை குறைய வேண்டும் அல்லவா? அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்ட இன்றும் பங்குத்தந்தை ஆயருக்கு எழுதி விதிவிலக்கு வாங்குகிறாரே, அந்தத் தாள் வருகிற வழியும் இதுதான். ஓலை வாசிக்கும்போது பெயரைத் தப்பாகப் படித்தால் மட்டும் உடனே சாமியாரிடம் சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும்.